பதினொரு மில்லிமீட்டர்

காட்பாடியில் மணி இரண்டேகால்.
கத்திரி வெயில் சுவருக்குள் இன்னும் தூங்கவில்லை.
திரையில்
தென்துருவப் பாறைமேல் இரண்டு தூண்கள்,
நடுவே முப்பத்தெட்டு மீட்டர் சொச்சம்.
அந்தச் சொச்சத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

நேற்று மாலையிலிருந்து வடக்குத் தூண்
பதினொரு மில்லிமீட்டர் உயரம்.
பாறை அப்படியெல்லாம் எழுந்து நிற்காது.
பொய் சொல்வது கேபிளா, கடிகாரமா?

செயற்கைக்கோள் போனில் இர்ஃபான்,
பேர்ணாம்பட்டுக்காரன்.
குரல் வந்து சேர ஒரு மூச்சு தாமதம்.
"சூரியன் போயி நாலு நாளாச்சுக்கா.
இரு, பாத்துட்டு வரேன்."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு
நூறு அடி போக நாற்பது நிமிஷம்.
ஆன்டெனாவின் தலையில்
ஒரு முழம் பனி, முண்டாசு மாதிரி.
ஊரிலிருந்து கொண்டுபோன துடைப்பத்தால்
தட்டிவிட்டானாம்.

விடிவதற்குள்
தூண் தன் உயரத்துக்கு இறங்கிவிட்டது.
'பனி' என்று ஒரு சொல் குறித்து
கோப்பை மூடுகிறேன்.

பாலாற்றிலிருந்து மணல் ஏற்றிய லாரி ஒன்று
விளக்கணைத்துப் போகிறது.
ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது,
டம்ளரில் தண்ணீர் வட்டம் போடுகிறது.
ஆறு இன்று எவ்வளவு இறங்கியது?
அங்கே நாங்கள்
தூண் எதுவும் நடவில்லை.