திறந்து வைத்திருப்பவர்

மில்வுட்ஸ், காலை ஆறரை.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
எட்மன்டன் முழுக்கக் கார்கள் செருமிக்கொண்டிருக்கின்றன.
உளுந்து ஊறுகிறது.
இரண்டு தரம் தட்டியும் கோப்பு திறக்கவில்லை.

விலைப்பட்டியல் பூட்டப்பட்டிருக்கிறது.
திறந்து வைத்திருப்பவர்: சியாமளி.

சியாமளி இந்த வீட்டுப் படியிறங்கிப்
பதினொரு வாரம்.
மிக்ஸியை எடுத்துக்கொண்டாள்,
பெரிய இட்லிப் பானையை விட்டுவிட்டாள்,
சார்ஜரைப் பிடுங்கிய வேகத்தில்
லேப்டாப் மூடியை ஓங்கி அறைந்தாள்.
உள்ளே எதையும் அவள் மூடவில்லை என்பது
இன்றைக்குத்தான் தெரிகிறது.

கணினி மூன்று வழி சொன்னது:
வாசிக்க மட்டும் திற.
உனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்.
அவர் முடித்ததும் உனக்குச் சொல்லட்டுமா?

கடைசியைத் தொட்டுவிட்டுக் காத்திருந்தேன்,
மடச்சி மாதிரி, காப்பி ஆறி ஆடை கட்டும்வரை.

பிறகு எல்லாரும் செய்வதைச் செய்தேன்.
அணைத்துப் போட்டேன்.
கன்ட்ரோலை அழுத்திப் பிடித்துப்
பாதுகாப்பு முறையில் திறந்து பார்த்தேன்.
பழுது பார் என்றேன்;
பழுது எதுவும் இல்லை என்றது.
நாங்களும் நாலு வருஷம்
அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.
ரூட்டரில் தொங்கும் பொது டிஸ்க்கைக் கழற்றி
ஸ்வெட்டர் கையில் துடைத்து
ஊதி
மறுபடி செருகினேன்.
சியாமளி என்றது.
சியாமளி.

மறைந்திருப்பவற்றைக் காட்டு என்று
எங்கோ ஒரு சின்னக் கட்டம், டிக் போட்டேன்.
வெளிறிய எழுத்தில் மேலே வந்தது:
ஒரு நெளிகோடு, ஒரு டாலர் குறி,
ஒட்டினாற்போல் 'லைப்பட்டியல்'.
முதல் எழுத்தைக் கடித்துத் தின்றிருந்தது.
அளவு நூற்று அறுபத்திரண்டு பைட்.
நோட்பேடில் திறந்தால்
ஒரு பெயர், மீதி வெற்றிடம்.
பூட்டு என்பது இவ்வளவுதான்.

கணினி சொல்லாத வழியும் ஒன்று இருந்தது.
அவளைக் கூப்பிட்டு
"அந்த லேப்டாப்பை ஒருதரம் திறந்து
ஒழுங்கா மூடேன்" எனலாம்.
எண் இருக்கிறது, விரலும் அதன்மேல் போனது.
பேசினால் வடையில்தான் தொடங்க வேண்டும்.
அவளுக்கு ஒன்றேகால் டாலர்,
எனக்கு ஒன்றரை.
எண்ணெய் விலையை அவளா பார்க்கிறாள் என்றேன்,
வாடிக்கையாளர் முகத்தை நீயா பார்க்கிறாய் என்றாள்.
அப்புறம் சொன்னவையெல்லாம்
வடையைப் பற்றியே அல்ல.

ஒன்பது மணிக்கு ஒகோரோ அம்மா கூப்பிடுவார்,
சனிக்கிழமை ஞானஸ்நான விருந்து, அறுபது பேர்.

வெளிறிய அந்தக் கோப்பை அழி என்றேன்.
நிச்சயமா என்றது.
நிச்சயமில்லை;
ஆம் என்பதை அழுத்தினேன்.

பட்டியல் திறந்தது,
ஒன்றுமே நடக்காதது போல.
இட்லி டஜன் கணக்கில், சாம்பார் வாளி கணக்கில்,
எலுமிச்சைச் சாதம் தட்டுக் கணக்கில்,
எல்லாம் நான் அடித்து வைத்தபடியே.
பருப்பு வடை வரியில் மட்டும்
பழைய விலையை அழித்திருந்தாள்.
ஒன்று என்று அடித்து
ஒரு புள்ளி வைத்து
சேமித்து
அங்கேயே நின்றிருக்கிறாள்.

இருபத்தைந்தும் அந்தப் புள்ளிக்கு அப்பால்தான்,
ஐம்பதும் அதற்கு அப்பால்தான்.
எதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாய் சியாமளி,
அன்றைக்கு நான் அடுப்படியிலிருந்து
அந்த வார்த்தையைச் சொன்னபோது?

பக்கத்துச் சன்னலில் பார்த்தேன்:
அதே நெளிகோடு, அதே டாலர் குறி,
அதே நூற்று அறுபத்திரண்டு,
இப்போதுதான் பிறந்த மாதிரி.
திறந்து வைத்திருப்பவர்: பியூலா.

போன் அடித்தது.
புள்ளிக்குப் பின்னால் கர்சர் கண் சிமிட்ட
எடுத்தேன்.
ஆளுக்கு இரண்டு வடை போதுமா,
பிள்ளைகளுக்குக் காரம் குறைக்க முடியுமா,
சட்னி தனி டப்பாவில் வருமா என்று கேட்டார்
ஒகோரோ அம்மா.
விலை கேட்கவேயில்லை.