ஏழாம் பக்கம்

கடியபட்டணம் ஏலக்கரையில்
விடியற்காலை நாலே முக்காலுக்கு
ஒன்பது பக்க ஒப்புதல் தாளோடு நின்றேன்.
காற்று மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

மூன்று வாரம் நாகர்கோவிலில்
வெள்ளை அறையில் காத்திருந்தோம்.
காலை ஒன்பது மணி, வெறும் வயிறு, ஆதார் நகல்.
கடற்கரையிலிருந்து ஒருவரும் வரவில்லை.
"ஆர்வமில்லை" என்று கட்டத்தில் எழுதினேன்,
என் கையெழுத்தில்.

செலஸ்தீனம்மா சாளைக் கூடையை இறக்கினாள்.
"ஒம்பது மணிக்கு நான் தக்கலைச் சந்தையில.
மீன் நாறினா ஒனக்க டாக்டரு வாங்குவாரா?"

பிறகு,
"போன தடவை வந்தவிய
ஊசி குத்தினாவ, பிஸ்கட் தந்தாவ.
எனக்க சீனி எவ்வளவுன்னு
இன்னும் சொல்லல்ல.
அந்த ரத்தம் எங்க?"

'பங்கேற்பாளர் எந்நிலையிலும்
விலகும் உரிமை உடையவர்' என்றது தாள்.
நான் சொன்னேன்:
ஏலத்தில் கை தூக்கினால் தூக்கினதுதான்,
இதில் இறக்கிக்கொள்ளலாம். தண்டம் கிடையாது.
பேர்கூட வேண்டாம், எண் போதும்.

"வள்ளத்துக்கும் எண் இருக்கு.
காணாமப் போனா
அதத்தான் கேப்பாவ."

எதற்கு இதெல்லாம் என்றாள்.
பிரஷர் மாத்திரையின் அளவை
எங்கோ, யார் உடம்பிலோ
அளந்து வைத்திருக்கிறார்கள், அதில்
கருவாடும் கட்டன்சாயாவும்
கூடை சுமந்த கழுத்தும் இல்லை
என்று சொல்லத் தொடங்கித் தடுமாறினேன்.
"நெத்தோலிக்குப் பின்னின வலையில
சூரை பிடிக்கச் சொல்லுதிய" என்றாள் அவளே.
தாளின் பின்புறம் அதை எழுதிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழம வா. கடல் இல்ல.
நன்மை எடுக்கணும்னு அன்னைக்கி
பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டோம்.
மொதப் பூசை முடிஞ்சதும் குத்து.
அதுக்கு முன்ன எனக்க பழைய கணக்கக் கொண்டு வா."

நான்கு நாள் தேடினேன்.
அலமாரியின் அடித்தட்டில் இருந்தது:
இருநூற்றுப் பன்னிரண்டு.
ஆறு வருடப் பழசு.

குருசடி நிழலில் மேசை போட்டோம்.
பதினோரு பேர் வந்தார்கள்.
நான் எண்ணைச் சொன்னபோது
அவள் கோபப்படவில்லை.
"ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்,
"எனக்குத் தெரியல்ல."

மகன் பெர்க்மான்ஸ் ஒவ்வொரு வரியாக வாசித்தான்.
ஏழாம் பக்கத்தில்,
மிச்ச ரத்தத்தைப் பின்னால் வேறு ஆய்வுக்கு
வைத்துக்கொள்ளலாமா என்ற இடத்தில்,
நிறுத்தச் சொன்னாள்.
'வேண்டாம்' மீது
தாள் கிழியும்படி வட்டம் போட்டாள்.

பிறகு
பூசைச் சேலையின் கையை மேலே தள்ளி
மேசைமேல் வைத்தாள்.
குளித்தும் போகாத ஒரு செதில்
முழங்கை மடிப்பில் மினுங்கியது.
பஞ்சால் துடைத்துவிட்டு
நரம்பைத் தேடினேன்.