தொடுகோடு

சனிக்கிழமை வகுப்பு ஆறு மணிக்கு முடியும்.
அஸ்தம்பட்டியில் கடைசிக்கு முந்தின பஸ்.
கோரிமேடு வரை நின்றபடியே
ஒரு கழித்தலை அடைப்புக்குறிக்குள் அனுப்பினேன்.
வெளியே ஒன்றுதான் நிற்கிறது,
உள்ளே போனால் ஒருவரையும் விடாது.
இரண்டாவது ஆளை எப்போதும் மறந்துவிடுகிறேன்.

கணக்கு வேண்டாமென்று கையெழுத்துப் போட்டபோது
பதினாறு வயது.
இப்போது முப்பத்திரண்டு.
இடையில் எங்கே போயிருந்தாய் என்கிறது
பல்கலைக்கழகத்து விண்ணப்பம்.
எஸ்டேட் ஆபீஸில்,
மிளகு மூட்டைக்கு எடை எழுதிக்கொண்டு.

பக்கத்து சீட்டில் ஜெசிந்தா, பத்தொன்பது.
"அக்கா, தொடுகோடு புரிஞ்சுதா?"
புரியல.

அடிவாரம் போய் ஏழாவது வளைவு.
டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்கிறார்.
ரோடு வளைகிறது,
ஹெட்லைட் வளையவில்லை.
தொட்ட இடத்திலேயே ரோட்டை விட்டுவிட்டு
நேராகப் போய்
பள்ளத்து இருட்டில் ஒரு சில்வர் ஓக் மரத்தைக்
காட்டுகிறது, ஒரே கணம்.

ஜெசிந்தா, இதோ பார்.
தூங்கிவிட்டாள்.

எட்டு. ஒன்பது.
ஒவ்வொரு வளைவிலும் ஒரு கோடு
டிக்கெட் இல்லாமல் மலையை விட்டு இறங்கிப் போகிறது.
பதிமூன்றில் நோட்டைத் திறந்தேன்.
பஸ் குலுக்கலில் கோடு கோணலாக விழுந்தது,
சாய்வு சரியாக வந்தது.
மேல்வரியில்
இரண்டாவது ஆளை மறுபடி விட்டிருந்தேன்.