நாலு மில்லிமீட்டர்

இலான்ஸில் கராஜ் வாசல் முழுக்க ஒக்டோபர் வெயில்.
பனியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது.
ஃபுளுரின் என் பழைய ரயரின் முன் குந்தி
ஐந்து பிராங்கு நாணயத்தைப் பள்ளத்தில் செருகுகிறான்.
நிற்காமல் சரிந்து விழுகிறது.
அதன் விளிம்பைச் சுற்றி லத்தீனில்:
ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

"பார்ப்பார்," என்கிறான், துடைத்துப் பையில் போட்டபடி.
"அவருக்கும் நாலு மில்லிமீட்டர் வேணும்.
உன்னிடம் இருப்பது இரண்டரை."

சட்டத்துக்கு அதைவிடக் குறைவே போதும்.
ஆனால் சட்டம்
காலை ஆறு மணிக்கு வ்ரினுக்கு ஏறியதில்லை.

சுவரோரம் புதியவை, ஆளுயரம் அடுக்கி.
சந்தையில் கத்தரிக்காய் அமுக்கும் அதே பெருவிரலால்
ஒன்றை அமுக்கிப் பார்க்கிறேன்.
மெத்தென்கிறது.
கோடை ரயர் ஏழு பாகைக்குக் கீழே
வெறும் பிடிவாதம், என்கிறான்;
இது குளிரிலும் இளகியிருக்கும்.
கட்டை கட்டையாய் ரப்பர், ஒவ்வொன்றிலும்
சவர அலகால் கீறினாற்போல் மெல்லிய வெட்டுகள்.
எல்லாம் வாய்கள். பனியைப் பனியாலேயே கவ்வ.
பக்கவாட்டில் மூன்று சிகரம், உள்ளே ஒரு பனிப்பூ.
அது இல்லாததைத் தொடாதே.

நாலும் எண்ணூற்றுப் பன்னிரண்டு பிராங்கு.
பெயர் வாயில் நுழையாத கம்பனியுடையது
நானூற்றுச் சொச்சம்.
தாதிச் சேவை கிலோமீட்டருக்கு எழுபது ராப்பன் தருகிறது.
மனதுக்குள் பெருக்குகிறேன்:
பெற்றோலை மறந்துவிட்டால்
இருபத்தெட்டுத் தரம் ஏறி இறங்கவேண்டும்.
பெற்றோலை எப்படி மறப்பது.

"இரண்டு மட்டும் போட்டால்? முன்னுக்கு?
இழுப்பது முன்சில்லுதானே."

எழும்பி நிற்கிறான்.
"பின்னுக்குப் பிடி இல்லாவிட்டால்
நீ எங்கே போவாய் என்பதை
உன் முதுகு முடிவுசெய்யும்."

அது எனக்குத் தெரியும் என்று
அவனிடம் சொல்லவில்லை.

போன மாசி. லும்பிரைன் தாண்டி
மத்தியானம் வரை நிழல் விலகாத வளைவு.
பிரேக்கைத் தொட்டேன், அவ்வளவுதான்.
காரின் பின்பக்கம் தனக்கென ஒரு யோசனையோடு கிளம்பிற்று.
சத்தமே இல்லை.
வானொலி காலநிலை சொல்லிக்கொண்டிருந்தது.
மருந்துப் பை மெதுவாக என் மடிக்கு வந்தது.
மலை, வேலி, பள்ளத்தாக்கு, மறுபடி மலை,
பெண்பார்க்க வந்தவர்கள் மாதிரி
ஒவ்வொன்றும் கண்ணாடியில் முகம் காட்டிப் போனது.
நின்றபோது நான்
வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே அஞ்சல் பஸ்ஸின் மூன்று சுரக் குழல்.
முதலாம் கியர். ஓரம். இன்னும் ஓரம்.
மஞ்சள் என் கதவை உரசாமல் போயிற்று.
சாரதி கை காட்டினான்.
நானும் காட்டினேன், ஏதோ
காட்சி பார்க்க நிறுத்தியவள்போல.
வீட்டிலும் சொல்லவில்லை.

"நாலும் போடு," என்றேன்.

கிருபாகரன் பற்றுச்சீட்டைப் பார்த்தான்,
பிறகு யன்னலைப் பார்த்தான். வெயில்.
கார்த்திகை முழுக்க வெயில்.
விதைத்துவிட்டு வானம் பார்க்கும் கமக்காரிபோல்
நான் மேகத்தை அண்ணாந்துகொண்டிருந்தேன்.
காய்ந்த தாரில் எண்ணூற்றுப் பன்னிரண்டும்
முணுமுணுத்தபடி தேய்ந்தன.

மார்கழி ஒன்பது. இரவோடிரவாக முழங்கால் அளவு.
பனி வழிக்கும் வண்டி ஒருதரம் போயிருந்தது,
அதற்கு மேலும் பெய்திருந்தது.
அந்த வளைவில்
முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று பார்த்து
வேண்டுமென்றே பிரேக்கைத் தொட்டேன்.
மெல்லிய ஒரு நறநறப்பு.
நின்றது.
ஒன்றுமே நடக்கவில்லை.

வைப்பர் ஆட ஆட
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.
கை ஏன் நடுங்கவேண்டும் இப்போது.

வ்ரினில் கபவுல் சட்டைக் கையை
ஏற்கெனவே மடித்து வைத்திருந்தார்.
மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறு நிமிடம் பிந்தி.
"றோட்டு மோசமா?"
"இல்லை," என்றேன்,
இன்சுலினை உள்ளங்கைகளுக்குள்
உருட்டிச் சூடாக்கிக்கொண்டு.