ஒரு தெறி குறைவு

சுன்னாகத்துப் பழைய இரும்புக் கடையில்
நிறுத்துத்தான் தந்தான்.
றங்குப்பெட்டி மூன்றரைக் கிலோ,
உள்ளே கிடந்த துணிக்குக் காசில்லை.

காக்கி.
கழுத்துப் பட்டிக்குள் கறுப்பு மையில் ஆறு இலக்கம்;
ஐந்தாவது, மூன்றா எட்டா என்று
மூன்று மாதம் என்னோடு வாதாடியது.
பித்தளைத் தெறி ஐந்து.
ஒவ்வொன்றிலும் ஒரு யானை,
தேய்ந்து தேய்ந்து பன்றியாகிவிட்ட யானை.
இடது பையில் ஒரு தைலப்போத்தல் மூடி,
ஓர் எகிப்துக் காசு,
பாதிச் செபமாலை.

தபாற்கந்தோரில் இருபத்தாறு வருடம் இருந்தவள் நான்.
விலாசம் பிழைத்தவற்றை வீடு சேர்த்த கை.
ஆள் இல்லாத சட்டையும்
ஒருவகைக் கடிதம்தானே என்று துணிந்தேன்.

சீமைக்கு எழுதினேன்.
நான்கு மாதத்தில் பதில்:
தாங்கள் குறிப்பிட்ட இலக்கத்தில் ஆவணம் கிட்டவில்லை,
செலுத்திய கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது.
கொழும்பில் ஒருவர் போனில் சிரித்தார்:
"யாழ்ப்பாணத்தில இருந்து யூனிபோம் தேடுறீங்களா மிஸ்?"
அந்தச் சிரிப்பைப் பதிவேட்டில் எழுதவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களும் கேட்பார்கள்,
குரலைத் தாழ்த்தி:
"மற்றச் சட்டையளும் வைச்சிருக்கிறியளோ?"
நான் தேத்தண்ணி ஊற்ற எழும்பிவிடுவேன்.

தொண்ணூற்றைந்தில், வெளிக்கிடச் சொன்ன இரவு,
அம்மா அண்ணனுடைய சேட்டை,
அந்தச் சேட்டை,
அடுப்பில் வைத்தா.
அதன் தெறிகள் பிளாஸ்ரிக்.
அவையும் எரிந்தன.
மணம் மட்டும் சாவகச்சேரி வரைக்கும் கூட வந்தது.

துப்பு துணியிலேயே இருந்தது.
வலது முழங்கையில் நீளக் கிழிசல்.
தைத்தவன் தையற்காரன் இல்லை,
ஊசி போன வழியெல்லாம் சின்னச் சின்ன முடிச்சு.
ஒரு சனிக்கிழமை மீன் வாங்கப் போன இடத்தில்
குருநகர்க் கரையில் காயப்போட்ட வலையில்
அதே முடிச்சு
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சட்டையைச் சீலைப்பையில் சுற்றிக் கொண்டுபோனேன்.
வலை பொத்துகிற நான்கு பேர்
வாங்கித் திருப்பிப் பார்த்தார்கள்.
"இடக்கையன் பொத்தினது," என்றான் ஒருவன்.
"எமிலியாம்பிள்ளையற்றை வீட்டைப் போய்க் கேளுங்கோ."

மகன் யோனாஸ் படகு எஞ்சின் திருத்துகிறவர்.
கையெல்லாம் ஒயில்.
தொடாமல், குனிந்து மட்டும் பார்த்தார்.
"முடிச்சு அப்புவின்ரை. சட்டை அவரின்ரை இல்லை.
அப்பு ஆறடி, இது சின்ன ஆள்.
அப்புவின்ரையை எண்பத்தேழில கடலுக்க போட்டனாங்கள்,
செக்கிங் வர முன்னம்."

சாவியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"பாலைவனத்தில கூட இருந்தவனாம்.
கிழிஞ்சதைத் தைச்சுக்கொண்டு இருக்கேக்கை
அங்கால காய்ச்சலில கிடந்தவன் போட்டான்.
தைக்கிறதை நிப்பாட்டேல்லையாம்.
முடிச்சுத்தான் எழும்பினவராம்.
அவன் சைவம். எண்டாலும்
தன்ரை செபமாலையை அறுத்துப் பாதியை வைச்சு,
சுன்னாகத்தில தாய்க்காரியிட்டைக் குடுத்தவர்.
மற்றப் பாதி அப்புவோட பெட்டிக்குள்ள போட்டுது."

பேர்?

"சொல்லவே மாட்டார்."

நான் சட்டையை மடித்தேன்.
எட்டாக மடிக்கக்கூடாது, நூல் இறுகும்,
அதனால் சுருட்டினேன்.
வாசல் வரைக்கும் வந்தவர்
ஒயில் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு நீட்டினார்:
"ஒரு தெறி தருவியளோ?"

சேகரிப்பவர்கள் செய்யக்கூடாத காரியம் அது.
பல்லால் நூலைக் கடித்தேன்.
எண்பது வருட நூல்,
உப்புக் கரித்தது.

இரவு பதிவேட்டைத் திறந்தேன்.
மேற்சட்டை, காக்கி, ஒன்று.
அணிந்தவர்: ஆறு இலக்கம், ஐந்தாவதில் ஐயம்.
பொத்தியவர்: எமிலியாம்பிள்ளை, குருநகர்.
தெறி நான்கு. ஒன்று குறைவு.
காரணம் என்ற கட்டத்தில்
'சேர்ப்பிக்கப்பட்டது' என்று எழுதி,
கந்தோர்ப் பழக்கத்தில்
திகதியும் நேரமும் போட்டேன்.