அட்டை

நீலப் புத்தகம் இனிச் செல்லாது என்று
மே மாதக் கடைசியில் சொன்னது
கிராம நிர்வாக அலுவலகத்துச் சுவர்.
ஒட்டியிருந்த தாளில் பாதியை மழை தின்றிருந்தது.
மீதிப் பாதியில் என் பெயர் இருந்தது.

பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு
விடியற்காலை ஐந்தேகாலுக்கு ஒரு பஸ்.
தேவாலாவில் யானை நின்றால் அது ஆறேகால்.
நடுவட்டம் ஏறும்போது
எலுமிச்சங்காயை முகர்ந்துகொண்டே
மடிப்பையைத் தடவிப் பார்த்தேன்:
ரேஷன் கார்டு, ஆதார், எல்லாவற்றிலும் நகல் மூன்று மூன்று,
அடியில் அந்த நீலப் புத்தகம்.

அதில் எனக்குப் பதினாறு வயது.
'ஊனம் தெரியணும்மா' என்று
கூடலூர் ஸ்டுடியோக்காரர் சொன்னதால்
பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.
பின்னால் திரையில் வரைந்த தாஜ்மகால்.
முகம் மேலே எங்கேயோ இருக்கிறது,
முத்திரை மையில் மூழ்கி.

இருபத்தேழு வருஷம்
தபால்காரர் செபஸ்தியான்
மணியார்டர் எண்ணித் தரும்போதெல்லாம்
அந்தப் பக்கத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான்
எண்ணைச் சரிபார்ப்பார்.
யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள், ஒரு இஞ்சு டேப்.
ரவிக்கைக்கு அளவெடுப்பது போல
இரண்டு காலையும் அளந்தார்கள்.
'அமுக்குங்க. தூக்குங்க. இன்னும்.'
ரொம்பத் தூக்காதே, சதவீதம் குறைஞ்சிரும் என்று
பக்கத்து லயம் புஷ்பராணி சொல்லித்தான் அனுப்பினாள்.
ஆனால் சின்ன டாக்டர் 'சபாஷ்' என்றுவிட்டார்.
அந்த ஒரு சொல்லுக்காக
இன்னும் ஒரு இஞ்சு தூக்கித் தொலைத்தேன்.

பழையதில் எழுபத்தைந்து.
புதியதில் அறுபத்தெட்டு.
ஏழு சதவீதம் கால்
எந்தக் கொண்டை ஊசி வளைவில் முளைத்ததோ.

அப்புறம் கைரேகை.
பாக்டரியில் காம்பு பொறுக்கித் தேய்ந்த விரல்
கண்ணாடியில் விழவே இல்லை.
துடைத்து வைத்தேன், எச்சில் தொட்டு வைத்தேன்.
எட்டாவது தடவை
இடது சுண்டுவிரல் நான்தான் என்று ஒத்துக்கொண்டது.

பழைய பணம் மே மாதத்தோடு நின்றது.
புதியது செப்டம்பரிலிருந்து.
நடுவில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்,
எங்கள் பக்கம் வானம் கிழிந்து தொங்குகிற மாதங்கள்.
அரசாங்கக் கணக்கில்
அந்த மூன்று மாதமும் எனக்கு ஒரு குறையுமில்லை.
ஓடியிருக்கலாம். கபடி ஆடியிருக்கலாம்.

பழைய அட்டை போனது. புது அட்டை வரவில்லை.
தேயிலைச் சரிவில் நாளும் வந்ததெல்லாம்
மழை அட்டைதான்.
அது சதவீதம் கேட்கவில்லை.
இரண்டு காலிலும் சமமாக ஏறியது.
இந்த வற்றிய காலிலும் ரத்தம் ஓடுகிறதென்று
யார் சொன்னார்கள் அதற்கு?
உப்பு வைக்காமல் கொஞ்ச நேரம்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பரில் வந்தது, விசிட்டிங் கார்டு அளவில்.
அதில் முகம் மட்டும்.
ஊட்டியில் அந்தக் கம்ப்யூட்டர் பெண்
'இங்க பாருங்கக்கா' என்றபோது
பழக்கத்தில் என் கை புடவையை உயர்த்திவிட்டது.
'அய்யோ, வேண்டாம்க்கா. முகம் போதும்.'
உதடு ஒரு பக்கம் கோணி விழுந்திருக்கிறது,
சிரித்தேனா என்னவோ.
நாற்பத்துமூன்று வயதில்
காலில்லாமல் எனக்கு ஒரு போட்டோ.

பணம் வந்த செய்தி
திருப்பூரில் தம்பி போனுக்குத்தான் போனது.
நான் கொடுத்த நம்பர் அவனுடையது.
சிக்னல் எட்டுகிற திருப்பம்வரை நடந்துபோய்க் கேட்டேன்.
சொன்னான். பழையதைவிடக் குறைவு.
விட்டுப்போன மூன்று மாதம்?
'அது அவ்ளோதான்க்கா.'

திரும்பும்போது எதிரே செபஸ்தியான்,
வேறு யாருக்கோ பதிவுத் தபால்.
என்னைக் கண்டதும் கை தானாகப் பைக்குள் போய்
வெறுமனே வெளியே வந்தது.
'ஒண்ணுமில்ல, தவமலரு.'

மாதாமாதம் அவருக்கு டீ குடிக்கக் கொடுக்கிற
பத்து ரூபாய்
என் முந்தானையில் முடிந்தே இருந்தது.