மூக்கு என் பக்கம்

ஜெபரூபன் கட்டாரிலிருந்து கொண்டுவந்து
ஆறு மாதம் அலுமாரிக்கு மேல் வைத்திருந்தான்.
ஒரு இறக்கையில் கீறல், நாலைந்து ஆணி குறைவு.
பதினெட்டாயிரம் சொன்னான், பதினாலுக்கு விட்டான்.
"ஆர், தமக்கையின்ர பெடியனுக்கோ?"
எனக்கு என்றேன்.
காசை இரண்டுதரம் எண்ணினான்.

ஞாயிறு மட்டும்தான் தொழிற்சாலை பஸ் மல்லாவிக்கு வராது.
ஐந்தேமுக்காலுக்கு, சோளகம் எழும்ப முன்,
செல்வநாயகியின் குத்தகை வயல்.
அரிவு வெட்டி ஒட்டு மட்டும் நிற்கிறது.
விழுந்தால் மெத்தை என்று நினைத்திருந்தேன்.
ஒட்டு மெத்தையில்லை.

முதல் ஞாயிறு அது எழும்பவேயில்லை,
கோழி மண் குளிக்கிறதுபோல் புழுதிக்குள் சுழன்றது.
வால் இறக்கையை மாறிப் பூட்டியிருக்கிறேன்.
அடுத்த கிழமை காலுக்கு நாலு குச்சி கட்டி
நுனிகளில் பிங்பொங் பந்து குத்தினேன்.
கணுக்கால் உயரத்தில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடியது.
நிலத்துக்குக் கிட்ட அதன் காற்றே அதை உதைக்கிறது;
இடுப்புக்கு மேலே போனால்தான் கொஞ்சம் அமைதி,
போகத்தான் பயம்.

கலியாண வீட்டில் படம் பிடிக்கிற ட்ரோன்
கையை விட்டாலும் அந்தரத்தில் நிற்கும்.
இதற்கு நிற்கத் தெரியாது.
விழுந்துகொண்டே இருக்கும்,
நான் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும்,
தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அதை நிற்பது என்பார்கள்.

பதினொரு வருடம் காற்சட்டைக்குப் பொக்கற் தைத்த கை.
துணியைத் தள்ளினால் சுருங்கும், இழுத்தால் ஊசி முறியும்,
அது போகிற போக்கில்
ஒரு நூலளவு மட்டும் சொல்லவேண்டும்.
இரண்டு பெருவிரல்களுக்கும் இது முன்னமே தெரிந்திருந்தது.

ஒட்டுக்குள் எங்கோ ஆள்காட்டி முட்டை வைத்திருக்கவேண்டும்.
நான் நடந்து வரும்போது பேசாமல் இருந்துவிட்டு
கெலி எழும்பியதும் தலைக்கு மேல் வந்து கத்தியது.
நாற்பது எட்டுத் தள்ளிப் போனேன்.
அங்கேயும் வந்து கத்தியது.

செல்வநாயகி அப்போது கிணற்றடியில் நின்றாள்.
முதல்நாள் சத்தம் கேட்டதும்
கட்டுக்கு அந்தப் பக்கம் குந்திவிட்டாள்.
பிறகு எழும்பிச் சட்டையைத் தட்டி
வாளி தேடினதாகச் சொன்னாள்.
வாளி கையில் இருந்தது.
அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

ஏழாம் ஞாயிறு.
இதுவரை வால் என் பக்கம்.
அதன் இடது என் இடது,
அது பார்க்கிற பாலை மரத்தையே நானும் பார்த்தேன்.
இன்றைக்குத் திருப்பவேண்டும்.
திருப்பினேன்.

மூக்கு என் பக்கம் வந்ததும்
இடது தள்ள வலது போகிறது,
போ என்றால் வருகிறது.
நான் அறிந்த கெலியெல்லாம் இப்படித்தான்,
மூக்கு என் பக்கமாக வந்தவை.
அவை திரும்பிப் போகும்போது
நான் தலை தூக்கிப் பார்த்ததில்லை,
வால் எப்படியிருக்கும் என்று
இந்த வயலில்தான் தெரிந்துகொண்டேன்.

குப்புறப் படு என்றது முதுகு.
கால் அரை அடி பின்வைத்துவிட்டது.
விரல்கள் மட்டும் கேட்கவில்லை.
எந்தப் பக்கம் சாய்கிறதோ
அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு,
குலை பாரத்தில் சாய்கிற வாழைக்கு
முட்டுக் கொடுக்கிற மாதிரி.
இடமும் வலமும் யோசியாதே.
ஆறு, ஏழு, எட்டு,
என் கண் உயரத்தில், என்னைப் பார்த்தபடி,
ஒன்பது.

பிறகு சோளகம் ஒரு தட்டுத் தட்ட
ஈச்சம் பற்றைக்குள் போனது.
இரண்டு இறக்கையும் முறிவு.
ஒரு சோடி, இரண்டு நாள் ஓவர்ரைம்.

செல்வநாயகி வரம்பால் வந்தாள்.
முள்ளுக்குள் கைவிட்டு வால் துண்டை எடுத்துத் தந்தாள்.
"இப்ப ஆரைப் பார்த்துக்கொண்டு நிண்டது?"
"என்னை."
கொஞ்சநேரம் பற்றையைப் பார்த்தாள்.
"வாற கிழமை உழவுக்கு மெசின் வருது.
பழகிறதெண்டா அதுக்குள்ள பழகு."

பற்றரி இன்னும் சுட்டது.
ஆறும்வரை மடியில் வைத்துக்கொண்டு
வரம்பில் இருந்தேன்.